செல்போனுக்குக் கட்டிய பரிவட்டம்

காமயகவுண்டன்பட்டி சாலை,
கம்பம் வழி.
சிவராத்திரி கழிந்த வாரம்.

அன்பு மருமகன் விஜய்பாண்டிக்கு, உன் அப்பாவின் அக்காள் சங்கிலியம்மாள் ஆசி கூறி எழுதுவது.

இங்கு நான் நலம். உன் நலமறிய ஆவல் என்று தொடர்வதுதான் முறை. ஆனால் உன் நலத்தை நம் பங்காளிகள் அனைவரும் சென்ற வாரம் கோயில் வாசலில் ஒரு தாம்பாளத்தில் வைத்துப் பார்த்துவிட்டபடியால், அந்த ஆவலுக்கு இனி இடமில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். உன்னைக் கூப்பிடும்போதெல்லாம் "கால்ல இருக்கேன் அத்தை, அப்பறம் பேசுறேன்" என்கிறாய். யார் காலில் என்று நான் கேட்டதில்லை. பெங்களூரில் உத்தியோகம் பார்ப்பவர்கள் யாராவது ஒருவர் காலில் இருந்துதான் தீர வேண்டும் போலிருக்கிறது. கடிதத்துக்கு அந்த இடைஞ்சல் கிடையாது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்று இதனிடம் சொல்ல முடியாது. மேலும், மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். முடிவைச் சொல்வதற்கு முன்னால் எடுகூற்றுகளைச் சொல்லியாக வேண்டும் என்பது என் தொழில் வழக்கம். பொறுமையாகப் படி. அன்று காலையில் நீ என்ன செய்தாய் என்பது உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

முதலாவது, பரிவட்டம். நம் குலசாமி கோயிலில், லோயர் கேம்ப் போகிற வழியில் மலையடிவாரத்தில் இருக்கிறதே அதுதான், சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் சாமிக்குச் சாத்திய சிவப்புப் பட்டுகளை எடுத்து, வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையின் தலையில் பூசாரி ஒச்சாண்டி சுற்றிக் கட்டுவார். அப்படிக் கட்டப்பட்ட தலைக்குத்தான் தலைக்கட்டு என்று பெயர். கட்டப்படாத தலை வெறும் முடி முளைத்த இடம். அந்தத் துணி தலையில் இருக்கும்வரை, அது எவ்வளவு சிறிய பயலின் தலையாக இருந்தாலும், அவனை யாரும் 'வந்தான், போனான்' என்று பேசக் கூடாது. 'வந்தாக, போனாக' என்றுதான் பேச வேண்டும். உன் அப்பா காய்ச்சலில் கிடந்த ஒரு வருஷம், பள்ளிக்கூடம் போகாத வயதில் இருந்த உன் அண்ணன் தலையில் கட்டினார்கள். மூக்கு ஒழுக நின்ற அந்தப் பிள்ளையைக் காட்டி, மீசை நரைத்த மனிதர்கள் "சுருளிராஜன் மிட்டாய் கேக்குறாக, யாராவது வாங்கிக் குடுங்கப்பா" என்று பயபக்தியோடு பேசிக்கொண்டதை நான் என் காதால் கேட்டேன். இப்போதும் சிரிப்பு வருகிறது. ஆனால் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை என்பதையும் நினைவில் வை.

இரண்டாவது, கிணறு. பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு, பொதுவான மோட்டார். எந்தத் தலையில் அந்த வருஷம் பரிவட்டம் ஏறுகிறதோ அந்தத் தலைக்குத்தான் அடுத்த சிவராத்திரி வரை தண்ணீர் முறை. யார் வகுத்த விதி என்றால், சாமி வகுத்தது என்கிறான் காமராஜ். மோட்டார் வரப்போவது சாமிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. காமராஜ் உனக்குச் சித்தப்பா முறை, எனக்குத் தம்பி முறை, கோயில் கமிட்டிக்குத் தலைவன், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்தால் காரியம் சுலபம்.

மூன்றாவது, உன் மதினி நாகஜோதி. அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டீர்கள், சாமிக்கு முன்னால் மட்டும் அண்ணன் ஒருவனே இரண்டு பங்குக்கும் சேர்த்துத் தலையைக் கொடுத்தான். போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மகன் கிடையாது. ஓவியா ஒருத்திதான், தேனியில் கல்லூரியில் படிக்கிறாள். அவன் பங்கு நிலத்துக்குப் பட்டா நாகஜோதி பெயருக்கு மாறிவிட்டது. தாலுகா ஆபீசில் அவள் தலையில் துணி இருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆக, சட்டம் அவளுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டது. தண்ணீரைச் சாமி தன் கையில் வைத்துக்கொண்டது. நிலத்தில் நிற்பது பன்னீர் திராட்சைப் பந்தல், குலை நிறம் மாறுகிற பருவம். இப்போது தண்ணீர் தவறினால் பழம் சுருங்கி உதிரும், வருஷம் முழுக்கப் பட்ட பாடும் அதோடு உதிரும். உன் அண்ணன் தலையில் ஏறிய துணியின் புண்ணியத்தில் இத்தனை நாள் தண்ணீர் பாய்ந்தது. அந்தப் புண்ணியம் இந்தச் சிவராத்திரியோடு தீர்ந்தது. உன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவன் யார் என்பதை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அண்ணன் இடத்தில் நீ தலைக்கட்டாக நின்றால், முழு முறைத்தண்ணீரும் உன் பங்குக்குப் போகும், அதாவது உன் குத்தகைக்காரன் காமராஜுக்குப் போகும். நீ பெங்களூரில் தலையை நீட்டினால் கம்பத்தில் பந்தல் காய்கிற அதிசயம் இதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அன்று காலையில் வரிசையில் நாகஜோதி வந்து நின்றாள். சண்டைக்கு நிற்பவள் மாதிரி நிற்கவில்லை, ரேஷன் கடையில் நிற்பவள் மாதிரி நின்றாள். காமராஜ் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான்.

"நீ எதுக்குத்தா வெயில்ல நிக்கிற? ஒங் கொழுந்தன் இருக்கான்ல."

"கொழுந்தன் இருக்காக, நல்லா இருக்கட்டும். தண்ணி எனக்குல்ல வேணும்" என்றாள்.

அவ்வளவுதான் அவள் பேசியது. மற்றதை மற்றவர்கள் பேசினார்கள். பெண்பிள்ளை தலையில் கட்டினால் மழை பெய்யாது என்று முதலில் சொன்னது ஆண்பிள்ளை அல்ல, நம் மாயக்காள். குமுளிக்கு மேலே ஏலக்காட்டில் காலமெல்லாம் காய் எடுத்து, கட்டியவனுக்கும் பெற்றவனுக்கும் சேர்த்து உழைத்துப் போட்டவள். ஆண்பிள்ளை தலையில் கட்டிய வருஷங்களில் மழை பெய்யாமல் போனது எதனால் என்று கேட்டேன். "அது வேற" என்றாள். தர்க்கவியலில் எல்லாவற்றுக்கும் மறுப்பு உண்டு, 'அது வேற' என்பதற்கு மட்டும் கிடையாது. நம் தேசத்தில் பெண் சம்பந்தமான எந்த வழக்கத்தைப் பற்றிக் கேட்டாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அதுதான். நியாயமாகப் பார்த்தால், தலையில் துண்டு கட்டாமல் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி திராட்சைப் பந்தலுக்குள் போய் நான் பார்த்ததில்லை. குலை வெட்டும்போதும் மருந்து அடிக்கும்போதும் மாயக்காள் உட்பட எல்லோர் தலையிலும் துண்டு இருக்கிறது. பருத்தித் துண்டு ஏறினால் பெய்கிற மழை, பட்டுத்துணி ஏறினால் மட்டும் எப்படி நின்றுபோகும் என்று கேட்டேன். "நாங்கள்லாம் இப்பிடியே இருந்துட்டுப் போகலையாத்தா" என்றாள் மாயக்காள். அதில் கோபம் இல்லை, ஒரு களைப்பு இருந்தது. தான் பொறுத்ததை இன்னொருத்தி பொறுக்க மாட்டேன் என்கிறபோது, தான் பொறுத்தது வீண் என்று ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு மனுஷிக்கு வரத்தான் செய்யும்.

ஆனாலும் கமிட்டி இரக்கமில்லாத கமிட்டி அல்ல. தலை இல்லாத குடும்பத்துக்கு ஒரு தலை ஏற்பாடு செய்து கொடுக்க முன்வந்தார்கள். உன் அண்ணன் படத்துக்குக் கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. செத்தவருக்குப் போடுகிற துணிக்குப் பெயர் கோடி, அதைச் சாமி சன்னதியில் போட முடியாது என்று ஒச்சாண்டி மறுத்தார். காமராஜ் தன் மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கி வந்து, இன்றைக்கு மட்டும் இந்தத் தலையை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அந்தத் தலை தூங்கிக்கொண்டிருந்தது, எழுப்பியதும் அழுதது, பிறகு தூக்கியவன் வேட்டியை நனைத்தது. அதை அபசகுனம் என்று நான் சொல்லவில்லை, கூட்டம் சொன்னது. அதன் பிறகுதான் காமராஜுக்கு அந்த எண்ணம் உதித்தது. தம்பிக்காரன் நேரில் வர வேண்டியதில்லை, வீடியோ கால் போடுவோம், போனில் வந்து நிற்கட்டும், போனுக்குக் கட்டிவிடலாம் என்றான். எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது. மருமகனே, நீ நம்ப வேண்டும். ரத்தமும் சதையுமாக, எண்ணெய் வைத்துச் சீவிய ஒரு தலை அவர்கள் கண் முன்னால் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய் ஒரு செல்போனுக்குத் தலை உண்டா என்று அங்கே விவாதம் நடந்தது. உண்டு என்று தீர்ப்பானது.

யார் போன் என்பது அடுத்த கேள்வி. அந்த அடிவாரத்தில் பாதிப் போன்கள் கேரளத்து டவரைப் பிடித்துக்கொள்கின்றன, மீதி எதையும் பிடிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். தேடிப் பார்த்ததில் நாகஜோதியின் போனில் மட்டும் இரண்டு கோடு தெரிந்தது, அதுவும் கேரளத்து டவர்தான். "குடு ஆத்தா" என்றார்கள். கொடுத்தாள். ஏன் கொடுத்தாய் என்று நான் பிறகு கேட்டேன். "குடுக்கலேன்னா, போன் தராததாலதான் காரியம் கெட்டுச்சுன்னு சொல்லுவாக" என்றாள்.

நீ வந்தாய். தாம்பாளத்தில் தேங்காய் மேல் சாய்த்து வைக்கப்பட்ட நிலையில் உன்னைத் தரிசித்தோம். மேலே முழுக்கைச் சட்டை, பேசுவதற்குக் காதில் மாட்டுகிற அந்த இரும்பு வளையம், முகத்தில் மேலதிகாரிக்கு வைத்திருந்த சிரிப்பு. சாமி கும்பிடச் சொன்னதும் மரியாதைக்காக எழுந்து நின்றாய் பார், அப்போதுதான் கீழே பூப்போட்ட அரைக்கால் சட்டை என்பது பங்காளிகள் அனைவருக்கும் தெரிந்தது. பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமானது. ஒச்சாண்டிக்கு அதைவிடப் பெரிய சங்கடம், போனில் தலை எந்தப் பக்கம் என்பது. நிமிர்த்தினால் நீ படுத்திருந்தாய், படுக்க வைத்தால் நீ நிமிர்ந்தாய், திருப்பினால் தலைகீழாகத் தொங்கினாய். ஒருவழியாக உன் முகம் மேலே இருக்கும்படி காமராஜ் பிடித்துக்கொள்ள, ஒச்சாண்டி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு, முன்னோர் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லியபடி சிவப்புப் பட்டைச் சுற்ற ஆரம்பித்தார். அந்தப் பெயர் வரிசை நீளமானது. அதில் ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது, பிறகு அவர்களெல்லாம் எப்படிப் பிறந்தார்கள் என்பது ஆராயத்தக்கது.

பாதி வரிசையில் நீ உறைந்துபோனாய். வாய் திறந்தபடி, கண் செருகியபடி, சுவரொட்டியில் போடுகிற படம் மாதிரி ஒரு கணம் நின்றாய். பிறகு மறைந்தாய். காமராஜ் பதறி, வீடியோ வேண்டாம், சாதாரண காலில் குரலாவது வரட்டும் என்று உன் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். கண்ணை மூடியிருந்த ஒச்சாண்டிக்கு இது எதுவும் தெரியாது, அவர் முப்பாட்டன்களைத் தாண்டிக்கொண்டிருந்தார். மணி மணியாக ஒரு பெண் குரல் மலையாளத்தில் எழுந்தது. "நிங்ஙள் விளிக்குன்ன வ்யக்தி பரிதிக்குப் புறத்தாணு."

உடுக்கு அடித்தவன் நிறுத்திவிட்டான். என்ன சொல்லுது என்று யாரோ கேட்டார்கள். மலையாளம் நன்றாகத் தெரிந்தவள் மாயக்காள்தான். அவள் யோசிக்காமல் உள்ளது உள்ளபடி சொன்னாள்.

"கூப்புடுற ஆளு எல்லைக்கு வெளிய இருக்காகளாம்."

அந்தச் சொல் விழுந்த இடத்தைக் கவனி. காப்புக் கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டி இருப்பவனுக்குப் பரிவட்டம் கிடையாது என்பது நம் கோயிலில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விதி. அதைக் கமிட்டி வசதியாக மறந்திருந்தது. ஒரு பெண் குரல் ஆகாயத்திலிருந்து வந்து நினைவூட்டிவிட்டது.

"அது போன் கம்பெனிக்காரி சொல்றதுத்தா" என்றான் காமராஜ்.

"எவ சொன்னா என்னப்பா, சரியாத்தான சொல்றா" என்றாள் மாயக்காள்.

அதற்குள் ஒச்சாண்டி முடிச்சைப் போட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தார். நீ போன பிறகு போன் தன் பழைய படத்துக்குத் திரும்பியிருந்தது. ஓவியா எடுத்து வைத்த படம். பந்தலுக்குக் கீழே, தலையில் துண்டு கட்டி, கையில் குலையோடு நாகஜோதி. அந்தத் துண்டுக்கு மேலே சரியாகச் சிவப்புப் பட்டு உட்கார்ந்திருந்தது. ஒச்சாண்டி போனைப் பார்த்தார், நாகஜோதியைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். காமராஜ் அவிழ்க்கச் சொன்னான். சாமி முன்னால் போட்ட முடிச்சை அவிழ்க்கிற பழக்கம் தன் பரம்பரையில் இல்லை என்றார் ஒச்சாண்டி. "நாங் கண்ண மூடித்தான் கட்டுனேன். தெறக்கும்போது எந்த மூஞ்சி இருந்துச்சோ, அது தலைக்குத்தான் கட்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தலையைக் கூப்பிட்டார். நாகஜோதி போனைத் துணியோடு வாங்கி முந்தானையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இது செல்லுமா செல்லாதா என்பதுதான் இப்போது வழக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கிணற்றடியில் கூடுகிறார்கள். அதுவரை யாரும் முறை மாறித் தண்ணீர் பாய்ச்சிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், காமராஜ் மோட்டார் கொட்டகையிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு திரிகிறான். அவன் குத்தகைப் பங்கில் நிற்பது தென்னை, இரண்டு வாரம் தாங்கும். திராட்சை தாங்காது. நேற்று நான் போய்ப் பார்த்தேன். இலை ஓரம் சுருள ஆரம்பித்திருக்கிறது. நாகஜோதி இலையைக் கையால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல.

அத்தை இந்த மூடவழக்கத்துக்கெல்லாம் எப்போது ஆள் ஆனாள் என்று நீ கேட்கலாம். ஆகவில்லை. எனக்கு அந்தத் துணி வேண்டாம், கொடுத்தாலும் வாங்க மாட்டேன். சம்பளம் வாங்கியவள் நான், மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, அதற்கு எந்தப் பூசாரியும் கண்ணை மூட வேண்டியதில்லை. சம்பளக்காரிக்குச் சாமியைப் பார்த்துச் சிரிக்க முடியும். கிணற்றை நம்பியவளுக்கு முடியாது. பாரம்பரியத்தை விட்டு வெளியே வா என்று மேடையில் நான் பலமுறை பேசியிருக்கிறேன், கைதட்டியிருக்கிறார்கள். வெளியே வந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறதா என்று கூட்டத்தில் ஒருத்தியும் எழுந்து கேட்டதில்லை. நாகஜோதிக்குக் கோயிலை எதிர்க்க வேண்டும் என்ற ஆசையே இல்லை. அவள் பொங்கல் வைப்பாள், நேர்ச்சை போடுவாள், சாமி வந்து ஆடினால் கும்பிட்டு விழுவாள். அந்தச் சாமி தன்னையும் ஒரு தலையாக எண்ண வேண்டும் என்று மட்டும் கேட்கிறாள்.

ஆகவே முடிவுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பாக நீ காமராஜையும் ஒச்சாண்டியையும் போனில் கூப்பிட்டுக் கீழ்க்கண்ட வாசகத்தைச் சொல்ல வேண்டும். நீயாக எதுவும் சேர்க்காதே, நீ சேர்த்தால் கெடும். "என் அண்ணன் சுருளிராஜனின் தலைக்கட்டு என் மதினி நாகஜோதியைச் சேர்ந்தது. இதற்கு என் முழுச் சம்மதத்தைத் தருகிறேன். தண்ணீர் முறையும் அவரையே சேரும்." இதை எழுதவே எனக்கு ஒரு பொழுது ஆனது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஓட்டை இல்லாத வாசகம். நீ சொல்லிவிட்டால் காமராஜுக்கு வாய் இல்லை. ஆண்பிள்ளை வாக்கு என்று அவன் அடிக்கடி சொல்லுவான், அது வரட்டும், பார்த்துக்கொள்வோம். உன் காலில் இருந்து கொஞ்சம் இறங்கி வந்து இதைச் செய்.

உன் மனைவிக்கு என் அன்பு. அந்த அரைக்கால் சட்டையை அவள் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாள் என்று நம்புகிறேன். உன் பிள்ளைகள் தலை நிறைய முடியும் அதற்குள் கொஞ்சம் மூளையுமாக வளர வாழ்த்துகிறேன். நம் குலசாமி உன்னை எல்லைக்கு வெளியிலும் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தை,
மு. சங்கிலியம்மாள், எம்.ஏ., எம்.ஃபில்.

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன்னால் நாகஜோதி வந்தாள். உனக்கு என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாள், படித்துக் காட்டினேன். அரைக்கால் சட்டைக்குச் சிரித்தாள். அந்த வாசகம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "சம்மதம்னு ஒண்ணு வருதே பெரியம்மா, அது யாரு சம்மதம்?" என்றாள். "ஒங் கொழுந்தன் சம்மதந்தான்" என்றேன். "அவுக சம்மதிச்சா, அவுக குடுத்ததா ஆயிரும். குடுத்தவுக நாளைக்கு வேணாம்னும் சொல்லலாம்ல. அனுப்பாதீக" என்றாள். என் எடுகூற்றுகள் எல்லாம் சரி. முடிவு மட்டும் அவற்றிலிருந்து பிறக்கவில்லை. கல்லூரியில் இப்படி ஒரு விடைத்தாள் வந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

சரி, தண்ணீருக்கு என்னதான் செய்வாய் என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். புத்தம் புதிய பீஸ் கட்டை. கம்பத்தில் எலக்ட்ரிக் கடையில் கேட்டால் யாருக்கும் கொடுக்கிறார்களாம். காமராஜ் மடியில் இருப்பதுதான் உலகத்திலேயே ஒரே பீஸ் கட்டை என்று அவனைப் போலவே நானும் நம்பிக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். "வாறதுன்னா வாங்க" என்று நடந்தாள், நானும் போனேன். கிணற்றடியில் நின்று, பையிலிருந்து அந்தச் சிவப்புப் பட்டை எடுத்து, பந்தலுக்குள் போகும்போது துண்டு கட்டுவாளே, அதே மாதிரி தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். கட்டையைச் செருகினாள், மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் இருமிக்கொண்டு வந்து வாய்க்காலில் விழுந்தது. சத்தம் கேட்டுக் காமராஜ் ஓடிவந்தான். வரப்பில் ஏறியவன் அவள் தலையைப் பார்த்ததும் அங்கனயே நின்றுவிட்டான். அவன் சாமிக்குப் பயந்தவன் என்பதை நான் என் எடுகூற்றுகளில் சேர்க்கத் தவறியிருக்கிறேன். பந்தலில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், மாயக்காளும் பார்த்தாள். தூரத்தில் தென்னைக்குள்ளிருந்து காமராஜின் ஆள், "ஏலே, யாரு மோட்டாரப் போட்டது?" என்று கத்தினான். காமராஜ் பதில் சொல்லியாக வேண்டும்.

"நாகஜோதி" என்றான். நிறுத்தினான். "போட்டிருக்கா" என்று வாயில் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வாய்க்காலில் மண்வெட்டியால் மடை திறந்துகொண்டிருந்தாள். தலையில் துணி இருந்தது. அவன் இன்னொரு தரம் ஆரம்பித்தான்.

"நாகஜோதி போட்டிருக்காக."

ஒரு 'க' தான். இலக்கணத்தில் அதற்கு ஆண் பெண் கிடையாது, நான் இத்தனை வருஷம் கவனிக்கவில்லை. மாயக்காள் தன் தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டு இலை கிள்ளப் போனாள். பட்டில் வேர்வை பட்டால் கறை பிடிக்கும், நாளைக்கு அந்தத் துணியைத் துவைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே மேலே கேட்டதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். அனுப்ப வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள், இருந்தும் உன்னிடம் எது கேட்கப்படவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று அனுப்புகிறேன். நீ காமராஜைக் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் உன்னைக் கட்டாயம் கூப்பிடுவான். அப்போது என்னிடம் சொல்வதையே அவனிடமும் சொல். நீ எப்போதும்போல் காலிலேயே இரு.